கழிவு மேட்டில் மரம் நட்டால் போதுமா? (நிலக்கரிச் சுரங்கக் குப்பை மலை: விவாத இழை)

மேட்டடி | ஜூன் 3

மூடிப் பல வருஷம் ஆன நிலக்கரிச் சுரங்கம். ஓரத்துல சுமார் 40 மீட்டர் உயரத்துக்குக் கழிவு மேடு. கறுப்பு ஷேல் (களிமண் இறுகி உண்டான பாறை), களிமண், கரித்தூள் எல்லாம் கலந்து லாரியில கொண்டுவந்து தட்டினது. மழைக்கு முன்னாடி கன்று நடுறோம், அடுத்த கோடையில எல்லாம் காஞ்சு போகுது. எந்த மரம் நட்டா பிடிக்கும்? என் கட்சி இதுதான்: வேர் பிடிச்சா மேடு நிக்கும், மேடு நின்னா மத்ததெல்லாம் தானா சரியாகும். மறுக்கிறவங்க மறுக்கலாம்.

பழைய டம்பர் | ஜூன் 3, இரவு

மறுக்கிறேன். கழிவு மேட்டுல மரம் கடைசி வேலை. முதல் வேலை தண்ணி, அடுத்தது காத்து, அப்புறம் வேதியியல், அதுக்கும் அப்புறம்தான் செடி.

வேர் மேல் ஒன்றிரண்டு மீட்டரைப் பிடிக்கும். மழை அரிப்பைத் தடுக்க அது உதவும், இல்லைன்னு சொல்லல. ஆனா 40 மீட்டர் மேடு சரிஞ்சா, சரியுற தளம் பத்து மீட்டர், இருபது மீட்டர் ஆழத்துல ஓடும். சில சமயம் மேட்டுக்கு அடியில இருக்கிற பழைய தரையிலயே ஓடும். அங்க உங்க வேருக்கு என்ன வேலை? சரிவோட சேர்ந்து மரமும் நின்ன வாக்குல கீழ வரும்.

வேல்ஸ் நாட்டு அபர்ஃபான் கதை தெரியாம இந்தத் தொழில்ல யாரும் பேசக்கூடாது. 1966 அக்டோபர் 21 காலை, மலைச்சரிவுல கொட்டியிருந்த 7-ஆம் எண் மேடு கூழாகி இறங்கிப் பள்ளிக்கூடத்தை மூடிடுச்சு. 144 பேர் செத்தாங்க, அதுல 116 பேர் குழந்தைங்க. அந்த மேட்டை 1958-ல கொட்ட ஆரம்பிச்ச இடத்துல ஊற்று இருந்தது. ரகசிய ஊற்று இல்ல, வரைபடத்துலயே குறிச்சிருந்த ஊற்று. அதே மேடு 1963-லயும் ஒரு தடவை சரிஞ்சிருக்கு. அப்பவும் கொட்டுறதை நிறுத்தல.

பழைய டம்பர் | ஜூன் 4

முக்கியமானதை விட்டுட்டேன். உங்க மேட்டுக்குக் கீழ என்ன இருந்ததுன்னு தெரியுமா? ஓடையா, வயலா, பழைய குளமா, தூர்த்த குழியா? சுரங்கம் வர்றதுக்கு முந்தின நில அளவை வரைபடத்தைத் தேடி எடுங்க. அப்புறம் அடிவாரத்தைச் சுத்தி நடங்க. மழை விட்டு ரொம்ப நாள் ஆன பிறகும் எங்கயாவது ஈரம் கசிஞ்சா, கோரை முளைச்சிருந்தா, அந்த இடத்துக்குப் பேர் வெச்சு வரைபடத்துல போட்டுக்கோங்க. உச்சியில விளிம்புக்கு இணையா வெடிப்பு இருக்கான்னும் பாருங்க. வெடிப்புக்கு ரெண்டு பக்கமும் ஒரு முளை அடிச்சு, நடுவுல இருக்கிற தூரத்தை அளந்து, தேதி போட்டு எழுதி வைங்க. செலவே இல்லாத கருவி இது.

கன்றுக்கு ஆர்டர் போட்டிருந்தா தள்ளிப் போடுங்க.

பழைய டம்பர் | ஜூன் 6

"அபர்ஃபான் ஈர நாட்டுக் கதை, அறுபது வருஷப் பழசு"ன்னு ஒரு நண்பர் எழுதியிருக்கார். சரி, வேற கதை சொல்றேன்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவுல பஃபலோ கிரீக். கரிக் கழிவையே அணையா குவிச்சு, அதுக்குப் பின்னாடி கழுவின தண்ணியைத் தேக்கினாங்க. 1972 பிப்ரவரி 26 அன்னைக்கு உடைஞ்சு 125 பேர் செத்தாங்க. அதுக்கு நாலு நாள் முன்னாடி வந்த ஆய்வாளர் 'திருப்தி'ன்னு எழுதிட்டுப் போயிருந்தார். ஜார்கண்டின் லால்மாட்டியாவுல, ராஜ்மகல் சுரங்கத்துல 2016 டிசம்பர் மாசம் கழிவு குவிச்சிருந்த பகுதி சரிஞ்சு 23 தொழிலாளிங்க போனாங்க. இன்னும் புதுசு வேணும்னா வேல்ஸுக்கே திரும்புவோம்: 2020 பிப்ரவரியில புயல் மழைக்கு டைலர்ஸ்டவுன் மேடு சரிஞ்சு ஆத்தை அடைச்சது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்ல. கைவிட்டுப் பல வருஷம் ஆன மேடு அது, புல்லும் முளைச்சிருந்தது. வேல்ஸ்ல மட்டும் இந்த மாதிரி பழைய மேடு 2,500-க்கு மேல.

மேட்டுக்கு வயசாகிறதால அது பத்திரமாகிடாது. வடிகால் தூர்ந்துபோக வயசு ஒண்ணே போதும்.

பழைய டம்பர் | ஜூன் 7

சரிவுக் கோணம் கேட்டவருக்கு.

லாரி தட்டின கழிவு தன்னால நிக்கிற கோணம் சுமார் 37 டிகிரி. இந்திய நிலக்கரிச் சுரங்க விதியும் 37.5 டிகிரிக்கு மேல விடாது, 30 மீட்டருக்கு மேல போனா பெஞ்ச் பெஞ்சா, அதாவது படிக்கட்டு மாதிரி, பிரிக்கச் சொல்லும், மொத்தச் சரிவு ஒண்ணுக்கு ஒன்றரையை (ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒன்றரை மீட்டர் கிடைத்தூரம்) தாண்டக்கூடாது. இதெல்லாம் கொட்டிக்கிட்டிருக்கிற மேட்டுக்கு. விட்டுட்டுப் போகப் போற மேட்டுக்கு இது போதாது. ஒண்ணுக்கு மூணுன்னு இழுத்தாத்தான், அதாவது 18 டிகிரி வாக்குல, மண் தங்கும், டோசர் (மண் தள்ளுற இயந்திரம்) குறுக்க ஓடும், செடி பிடிக்கும்.

கணக்கு போட்டுப் பாருங்க. 40 மீட்டர் மேடு 37 டிகிரியில நின்னா அடிக்கும் விளிம்புக்கும் நடுவுல கிடைத்தூரம் 53 மீட்டர். ஒண்ணுக்கு மூணுன்னா 120 மீட்டர். மேல வெட்டினதைக் கீழ நிரப்பிச் சமன் பண்ணினா அடிவாரம் ஏறக்குறைய 33 மீட்டர் வெளிய நகரும், உச்சி விளிம்பு அதே அளவு உள்ள போகும். அந்த 33 மீட்டர் யாரோட நிலம்? அங்க ஓடை இருக்கா? உச்சி அவ்வளவு அகலம்தானா? இந்தக் கேள்வியிலதான் பாதித் திட்டம் காகிதத்திலேயே செத்துப்போகுது. பொறியியல் தோத்ததா எழுதுவாங்க, தோத்தது நிலக் கையகப்படுத்தல்.

பழைய டம்பர் | ஜூன் 9

கன்று ஏன் சாகுதுன்னு இப்ப பேசலாம்.

முதல் காரணம் நிறம். கறுப்பு ஷேல் மேற்பரப்பு உச்சி வெயில்ல 50 டிகிரியைச் சாதாரணமா தாண்டும். தரையோட ஒட்டின தண்டு அங்கயே வெந்து சுருங்கும், மேல இலை ரெண்டு நாள் பச்சையா இருந்துட்டு அப்புறம் தொங்கும். தண்ணி ஊத்தலன்னு தோட்டக்காரரைத் திட்டுவோம்.

ரெண்டாவது காரணம் பைரைட், அதாவது இரும்பு சல்ஃபைடு. காத்தும் தண்ணியும் பட்டா கந்தக அமிலம் ஆகும். முதல்ல மெதுவா போகும். அமிலத்தன்மை ஏறினதும் இரும்பைத் தின்னு வாழ்ற பாக்டீரியா கூட்டம் சேர்ந்துக்கும், அப்புறம் வேகம் பல மடங்கு. இதுல ஒரு சூழ்ச்சி இருக்கு: புதுசா வெட்டின ஷேலை அரைச்சுத் தண்ணியில கலந்து பி.எச் பார்த்தா 7 காட்டும். அறிக்கையில 'நடுநிலை'ன்னு எழுதிடுவாங்க. ரெண்டு மழைக்காலம் போனதும் அதே இடம் 3. அதனால இன்னைக்கு இருக்கிற பி.எச்-சை மட்டும் நம்பாதீங்க, அமில-காரக் கணக்கு எடுக்கச் சொல்லுங்க. எவ்வளவு அமிலம் உருவாகக்கூடும், அதைத் தணிக்க எவ்வளவு சுண்ணாம்பு அந்தக் கல்லிலயே இருக்குன்னு ரெண்டையும் அளக்கிறது அது.

பி.எச் 3-ல அலுமினியம் கரைஞ்சு வேர் நுனியைக் கருக்கும். அங்க நீங்க தேக்கு நட்டா என்ன, வேம்பு நட்டா என்ன.

பழைய டம்பர் | ஜூன் 9, கொஞ்ச நேரம் கழிச்சு

"அப்போ சுண்ணாம்பு போட்டா முடிஞ்சதா?" முடியாது, ஆனா கணக்கு சுவாரசியம்.

100 டன் கழிவுல 1 டன் பைரைட் கந்தகம் இருந்தா, ஒவ்வொரு 1,000 டன்னுக்கும் 31.25 டன் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல், வேணும். இது வேதிச் சமன்பாட்டுல இருந்து நேரா வர்ற எண். ஒரு ஹெக்டேர்ல மேல் 15 சென்டிமீட்டரை மட்டும் எடுத்தா ஏறக்குறைய 2,200 டன் பொருள், அதுக்கு 70 டன் சுண்ணாம்புக்கல் தூள். வெறும் 15 சென்டிமீட்டருக்கு! மீதி 40 மீட்டரும் அடியில அமிலம் காய்ச்சிக்கிட்டுத்தான் இருக்கும்.

தூளாப் போடுங்க, ஜல்லியாப் போடாதீங்க. ஜல்லி மேல இரும்புத் துரு படிஞ்சு ஓடு கட்டிடும், உள்ள இருக்கிற சுண்ணாம்பு வெளிய வராது.

பழைய டம்பர் | ஜூன் 12

மேட்டடி நேத்து போகிற போக்குல எழுதின வரி: "மழை பேஞ்ச மறுநாள் காலையில மேட்டோட ஒரு மூலையில பனிமூட்டம் மாதிரி அழகா இருக்கும்."

ஐயா, அது அழகு இல்ல. அந்த மூலைக்கு யாரையும் அனுப்பாதீங்க.

பைரைட் ஆக்சிஜனேற்றமும் கரியோட ஆக்சிஜனேற்றமும் சூடு கிளப்பும். அந்தச் சூடு வெளிய போக முடியாம, காத்து மட்டும் போதுமான அளவு உள்ள வந்தா, மேடு தானா பத்திக்கும். வெளிய தீ தெரியணும்னு அவசியமில்ல. தார் மணம், அழுகின முட்டை வாடை, வெடிப்பு வாயில மஞ்சள் கந்தகப் படிகம், சுத்தி மட்டும் புல் கருகிய வட்டம், குளிர் நாட்டுல பனி தங்காத திட்டு. இதுல ரெண்டு சேர்ந்தாலே சந்தேகம் வேண்டாம்.

காத்து எப்படி உள்ள போகுதுன்னா, உச்சியில இருந்து தட்டும்போது பெரிய கல் உருண்டு அடிக்குப் போகும், தூள் மேல தங்கும். அடியில கல் இடுக்கு வழியா காத்து நுழையும், உள்ள சூடாகி மேல ஏறும். அடுப்புக்கு ஊதுகுழலும் புகைக்கூண்டும் ஒண்ணாக் கட்டிக் கொடுத்த மாதிரி. இதுல உச்சியை மட்டும் களிமண் போட்டு மூடுற வழக்கம் ஒண்ணு இருக்கு. அடிவாரம் திறந்தே கிடந்தா புகை வேற வெடிப்பைத் தேடிக்கும், அவ்வளவுதான் பலன்.

தண்ணி பீய்ச்சலாமான்னு உடனே கேட்பீங்க. கூடாது. கனன்ற கரி மேல தண்ணி பட்டா நீராவி வெடிக்கும், ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து கிளம்பும். எக்ஸ்கவேட்டர் வெச்சுத் திடீர்னு தோண்டினா காத்து ஒரேயடியா புகுந்து கொழுந்து விட்டு எரியும். சின்ன இடம்னா சுத்தி அகழி வெட்டித் தனிமைப்படுத்தி, சூடான பொருளை மெல்லிய அடுக்கா விரிச்சு ஆற வெச்சு, களிமண்ணோட கலந்து மறுபடி அழுத்தி வைப்பாங்க. பெரிய இடம்னா சரிவு முழுக்கச் சாய்வைக் குறைச்சு மண் போர்வை போத்தி மூச்சை அடைப்பாங்க. ரெண்டுமே அனுபவம் உள்ளவங்க வேலை. எரிஞ்சு சாம்பலான இடத்துக்கு மேல ஓடு மட்டும் நிக்கும், அதுல டோசர் ஏறினா உள்ள போயிடும்.

நான் வேலை செஞ்ச இடத்துல அகச்சிவப்பு கேமராவைப் பகல் பன்னெண்டு மணிக்கு எடுத்துக்கிட்டு வந்தார் ஒரு நிபுணர். கறுப்புப் பாறை முழுக்க வெயில் சூடு, திரை பூரா சிவப்பு. "மேடு முழுக்க எரியுது"ன்னு அறிக்கை. விடியறதுக்கு முன்னாடி எடுத்தாத்தான் உள் சூடு தனியாத் தெரியும்.

மேட்டுக்குக் கீழ கரி அடுக்கு வெளித்தெரியுற இடம் இருந்தா உடனே சொல்லுங்க. பென்சில்வேனியாவின் சென்ட்ரேலியாவுல 1962-ல குப்பைக் குழியில இருந்து அடுக்குக்குத் தாவின நெருப்பு இன்னும் அணையல. மேட்டைக் கலைக்கலாம், மலைக்கு அடியில ஓடுற அடுக்கைக் கலைக்க முடியாது.

பழைய டம்பர் | ஜூன் 13

அந்த மூலையில குளிருக்கு நாய் படுக்குது, அதையும் விரட்டணுமான்னு கேட்டதுக்கு: ஆமா, விரட்டுங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. நாய்க்கு வேணும்னா வெப்பமானி உத்தியோகம் வேற இடத்துல கொடுக்கலாம்.

பழைய டம்பர் | ஜூன் 17

நல்ல கேள்வி ஒண்ணு வந்திருக்கு. "தீக்கு அழுத்தணும்கிறீங்க, சரியாம இருக்கவும் அழுத்தணும்கிறீங்க. அழுத்தின மண்ணுல மரம் எப்படி வேர் விடும்?"

இந்த முரண்பாடுதான் இந்தத் தொழிலோட மொத்தச் சிக்கலும். அமெரிக்காவுல 1977-ல திறந்தவெளிச் சுரங்கச் சட்டம் வந்தது. சரியக்கூடாதுன்னு எல்லாரும் சரிவை டோசர் வெச்சு இழைச்சு இழைச்சு மொழுமொழுன்னு ஆக்கினாங்க, அரிப்புக்குப் பயந்து அடர்த்தியா புல் விதைச்சாங்க. மேடு நின்னது, மரம் நிக்கல. வேர் இறங்க இடமில்ல, இறங்கினதையும் புல் நெரிச்சது. அங்க அப்பலாச்சியா மலைப்பகுதியில இருபது முப்பது வருஷம் கழிச்சுத்தான் மாத்தினாங்க: உள்ளே இறுக்கம், மேல ஏறக்குறைய 1.2 மீட்டர் தளர்வு. தளர்வுப் பொருளைத் தட்டிட்டு ஒரே ஒரு தடவை லேசா நிரவிட்டு டோசரை வெளிய எடுத்துடணும். மேடும் பள்ளமுமா கோரமா இருக்கும், பார்க்க வர்ற அதிகாரிக்குப் பிடிக்காது. மரத்துக்குப் பிடிக்கும்.

டோசர் ஓட்டுறவரை நிறுத்துறதுதான் கஷ்டம். நிரவி அழகு பார்க்கிறது அவருக்குக் கௌரவம். சாவியைப் பிடுங்கி வெச்சுக்கிட்ட மேற்பார்வையாளர் ஒருத்தரைப் பார்த்திருக்கேன்.

மரமே கடைசின்னு முதல் நாள் அடிச்சுப் பேசினதைக் கொஞ்சம் விரிக்கணும் இப்ப. நடுறது கடைசிதான். ஆனா எந்த மரம், எவ்வளவு ஆழத்துக்கு வேர்னு முதல்லயே தெரிஞ்சாத்தான் மேல் 1.2 மீட்டருக்கு எந்தப் பாறையை ஒதுக்கி வைக்கணும்னு முடிவு பண்ண முடியும். பழுப்பேறின மணற்கல் கிடைச்சா அதைப் பத்திரமா மேலுக்கு வைங்க, கறுப்பு ஷேலை உள்ள புதைங்க. தலைகீழாக் கொட்டிட்டு அப்புறம் திருப்பிப்போட முடியாது.

பழைய டம்பர் | ஜூன் 18

மேல்மண் பத்தி ரெண்டே வரி. உயரமாக் குவிச்சுப் பல வருஷம் வெச்சிருந்த மேல்மண், பேருக்குத்தான் மேல்மண். உள்ள காத்தில்லாம வேர்ப்பூஞ்சையும் விதையும் செத்திருக்கும். ரெண்டு மீட்டருக்கு மேல குவிக்காம, மேல பயறு வகை விதைச்சு, சீக்கிரம் பயன்படுத்தணும்.

பழைய டம்பர் | ஜூன் 22

பெஞ்ச் வெட்டினா தண்ணிப் பிரச்சனை தீர்ந்துடும்னு எழுதியவருக்கு.

பெஞ்ச் தண்ணியை நிறுத்தும். நிறுத்தின தண்ணி எங்க போகும்? வெளியேற வழி வைக்கலன்னா உள்ளதான் இறங்கும். நான் பார்த்ததிலேயே மோசமான விரிசல் ஒண்ணு அப்படி வந்ததுதான். பார்வையிட பெரிய மனுஷர் வர்றார்னு, விளிம்பு ஓரமா வரிசையா கிண்ணம் மாதிரி குழி வெட்டிக் கன்று நட்டாங்க. ஒவ்வொரு குழியும் ஒரு குட்டிக் குளம். அந்த மழைக்காலம் முடியறப்போ குழி வரிசையோட நேரா வெடிப்பு ஓடியிருந்தது. பெரிய மனுஷர் வந்து போட்டோ எடுத்துக்கிட்டுப் போயாச்சு. கீழ நடைபாதையை மூடினது அதுக்கப்புறம்.

பெஞ்ச் உள்பக்கம் லேசா சாயணும், நீளவாக்குலயும் சாய்வு இருக்கணும், முடிவுல தண்ணி இறங்க ஒரு வழி இருக்கணும். அந்த இறங்குவாயை கான்கிரீட்ல கட்டாதீங்க. தட்டின மேடு வருஷக்கணக்கா அமுங்கும். கான்கிரீட் விரியும், விரிசல்ல தண்ணி அடியில புகுந்து குடையும், மேல பார்த்தா வாய்க்கால் நல்லாத்தான் தெரியும். பெரிய கல் பாவினதோ, கம்பி வலையில கல் அடைச்ச கேபியனோ மேட்டோட சேர்ந்து வளையும்.

பெஞ்சே வேண்டாம்னு ஒரு கட்சியும் இருக்கு. இயற்கையான குன்று மாதிரி மேல குவிவு, கீழ குழிவு, நடுவுல வளைஞ்சு போற ஓடைகள்னு வடிவமைக்கிறது. நியூ மெக்சிகோவின் லா பிளாட்டா சுரங்கத்துல செஞ்சிருக்காங்க. இடம் தாராளமா இருந்தா எனக்கு அதுதான் பிடிக்கும். உங்க இடத்துக்கு அந்த 33 மீட்டரே கேள்விக்குறி.

அடிவாரத்தைச் சுத்தி மாலை போட்ட மாதிரி வடிகால் கட்டாயம். மலைப்பக்கத்துத் தண்ணி மேட்டைத் தொடாம வெளிய போக ஒண்ணு, மேட்டுத் தண்ணி வண்டல் குளத்துக்குப் போக இன்னொண்ணு. ரெண்டையும் கலக்கக்கூடாது. நல்ல தண்ணியைக் கெட்ட தண்ணியோட சேர்த்தா மொத்தமும் சுத்திகரிக்கிற செலவு.

பழைய டம்பர் | ஜூலை 1

மேட்டடி அனுப்பின படம் பார்த்தேன். வாய்க்கால் அடியில ஆரஞ்சு வண்டல். இரும்பு ஹைட்ராக்சைடு, அதாவது தண்ணியில கரைஞ்சு வந்த இரும்பு துருவாப் படிஞ்சது. பயப்படறதுக்கு முன்னாடி அளங்க: பி.எச், இரும்பு, அலுமினியம், மாங்கனீஸ், சல்ஃபேட், ஓட்டத்தோட அளவு. கோடை முடிஞ்சு வர்ற முதல் மழையில தண்ணி சாம்பிள் ஒண்ணு கட்டாயம் எடுக்கணும். வறட்சியில மேற்பரப்புல பூத்திருக்கிற வெள்ளை, மஞ்சள் உப்பெல்லாம் சேமிச்சு வெச்ச அமிலம். முதல் மழை அதை ஒரேயடியா கரைச்சுக் கொண்டுவரும். மழைக்கால நடுவுல எடுத்த சாம்பிள் எப்பவும் சாதுவா இருக்கும்.

அந்தத் தண்ணியைச் சுத்திகரிக்க மூடின சுண்ணாம்புக்கல் வடிகால், கோரைச் சதுப்பு எல்லாம் வேலை செய்யும், தண்ணி வகை பொருந்தினா. மூடின வடிகாலுக்குள்ள அலுமினியம் அதிகமான தண்ணியை விட்டா வெள்ளைக் கூழ் படிஞ்சு அடைச்சுக்கும். சதுப்பு கட்டினா வண்டல் தூர்வார யார் பொறுப்புன்னு ஒப்பந்தத்துல எழுதுங்க.

பழைய டம்பர் | ஜூலை 9

"பேசாம அள்ளி எரிச்சுட்டா என்ன?" கிண்டலாக் கேட்டிருந்தாலும் இது நிஜமாவே நடக்கிற விஷயம். பழைய மேடுகள்ல அந்தக் காலத்துக் கரி கழுவுற ஆலை விட்டுப்போன கரி நிறைய இருக்கும். பென்சில்வேனியாவுல அதைச் சுண்ணாம்புக்கல்லோட சேர்த்துச் சுழல்படுகைக் கொதிகலன்ல (காத்து ஊதி எரிபொருளை மிதக்க விட்டு எரிக்கிற கொதிகலன்) எரிச்சு மின்சாரம் எடுக்கிறாங்க. வர்ற சாம்பல் காரத்தன்மை உள்ளது, அதையே பழைய குழியில நிரப்புறாங்க. மேடு குறையுது, அமிலமும் குறையுது. மறுபக்கம், எடுத்த கரியைவிட மிஞ்சுற சாம்பலும் கல்லும் பெரிய குவியல், புகைபோக்கிக் கணக்கு தனி. கொதிகலன் பக்கத்துல இருந்தா யோசிக்கலாம், லாரியில தூரம் கொண்டுபோனா டீசலுக்கே போயிடும்.

பழைய டம்பர் | ஜூலை 10

எரிஞ்சு சிவந்த ஷேலைச் சாலைக்கு அடியில போடலாமான்னு தனியா கேட்டிருந்தீங்க. போடுவாங்க, நல்லா அமுங்கும், பல நாட்டுல பழக்கம். ஆனா வெட்டும்போது ஒரே சிவப்பா இருக்கணும். நடுவுல கறுப்புப் பட்டை தெரிஞ்சா அது பாதிதான் வெந்தது, கரி மிச்சம் இருக்கு. அதைச் சாலைக்கு அடியில போட்டா மறுபடி சூடாகக்கூடிய பொருளைத்தான் போடுறீங்க. சல்ஃபேட் அளவும் பாருங்க, பக்கத்துல கான்கிரீட் சிறுபாலம் இருந்தா அரிச்சுடும். குவியல்ல மேலயும் பக்கத்துலயும் மட்டும் எடுக்காம, நடுவுல இருந்தும் ஒரு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்க.